ஷூவைக் கழற்ற வேண்டாம்

ஷூவைக் கழற்ற வேண்டாம். அப்படியே உட்காருங்க. உள்ளே அழுக்காகும் என்று பார்க்காதீங்க, அழுக்கானால் துடைத்துக்கொள்ளலாம். கதவு சின்னது. முதலில் இடது காலை உள்ளே விட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்குகிற மாதிரி இறங்கணும். அவ்வளவுதான். காலை நீட்டுங்க. மூன்று பெடலும் ஒட்டி ஒட்டித்தான் இருக்கும். வலது ஓரத்தில் இருப்பது ஆக்சிலேட்டர். இப்போ அழுத்த வேண்டாம். சும்மா இருங்க.

ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் உங்களிடம் ஒரு விஷயம் சொல்லிவிடணும். என் மகள் ஹேமலதா அதைச் சொல்லவே கூடாது என்கிறாள். ஃபோனில் விளம்பரம் போட்டதே அவள்தான். "வர்றவங்களுக்குப் பேப்பரைக் காட்டுங்கப்பா, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க. கதை மட்டும் சொல்லாதீங்க" என்றாள். எனக்கு அப்படி முடியாது. ஒரு சாமானை விற்கிறோம் என்றால் அதில் நடந்ததைச் சொல்லித்தான் விற்கணும். உங்களுக்கு முன்னால் ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேருக்கும் சொன்னேன். காப்பி குடித்தார்கள், ஃபோன் பண்ணுகிறோம் என்றார்கள், போனார்கள். ஒருத்தரும் பண்ணவில்லை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. வண்டியில் ஒரு குறையும் கிடையாது.

வெளியிலிருந்து பார்த்தால் அறுபதுகளில் இங்கிலாந்தில் ஓடின ரேஸ் கார் மாதிரி இருக்கும். மாதிரிதான். சேஸிஸ் நான் குழாய் வெட்டி வெல்டிங் வைத்தது. மேலே இருப்பது ஃபைபர் பாடி, ஆவாரம்பாளையத்தில் ஞானராஜ் என்று ஒருத்தர் செய்துகொடுத்தார். இன்ஜின் மட்டும் நிஜம். எங்கேயோ மோதி நசுங்கின வெளிநாட்டுக் கார் ஒன்றிலிருந்து எடுத்த இரண்டு லிட்டர் இன்ஜின். அதற்கு ரேஸ் கேம்ஷாஃப்ட் போட்டு, இரண்டு பெரிய கார்பரேட்டர் வைத்தேன். நான் படிக்காதவன். கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங்கில் இருந்தேன். இதற்கு ஒரு இங்கிலீஷ் புத்தகம் உண்டு, பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. அதை எனக்கு வாசித்துச் சொன்னது என் சம்சாரம் கமலவேணி. அவள் பி.யு.சி. படித்தவள். ஒரு வரி வாசிப்பாள், தமிழில் சொல்வாள், நான் ஒரு திருகு திருப்புவேன். அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

இந்தக் காலத்துக் காரில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். இதற்கு நான்தான் கம்ப்யூட்டர். பெட்ரோலைப் பீய்ச்சுகிற ஜெட் வெயிலுக்கு ஒரு மாதிரி, மழைக்கு ஒரு மாதிரி போடணும். மேட்டுப்பாளையத்தில் பட்டு மாதிரி ஓடினது மலையேறிப் பர்லியாறு தாண்டினால் கரும்புகை தள்ளும். கமலவேணி சொல்வாள், "நேத்து இதுக்கு ஜலதோசம், இன்னைக்கு மூச்சுத்திணறல். பேசாம ஒரு இ.எஸ்.ஐ. கார்டு வாங்கிக் குடுத்துருங்க." அவளுக்குப் பேச்சு அப்படி. நான்தான் பேசுகிறவன் இல்லை. இப்போ உங்களிடம் இவ்வளவு பேசுகிறேனே, அவள் இருந்தால் ஆச்சரியப்படுவாள்.

இதில் முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. இரண்டு கார்பரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்கணும். பல்லக்குத் தூக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்க. ஒருத்தன் தோள் ஒரு விரற்கடை தாழ்ந்தாலும் சாமி ஆடிவிடும். இந்த ரப்பர் குழாய் இருக்கிறதே, இதன் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைக் கார்பரேட்டரின் வாயில் காட்டினால் 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும். இரண்டிலும் ஒரே 'உஸ்' வருகிறவரைக்கும் திருகைத் திருப்பணும். அந்த நேரம் பூராவும் இன்ஜின் நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சுற்றில் ஆடாமல் நிற்கணும். பெடலைத் தொடாமல், ஸ்லோ ஸ்பீட் திருகை ஏற்றி வைத்துச் செய்யலாமே என்று சிலர் சொல்வார்கள். அது பொய்க் கணக்கு காட்டும். பெடலை அழுத்தி, கேபிள் இழுபட்டு நிற்கும்போதுதான் இன்ஜின் உண்மையைச் சொல்லும். ஆக, இங்கே ஒரு ஆள், அங்கே உங்கள் இடத்தில் ஒரு ஆள். இது இரண்டு ஆள் வேலை.

இருபது வருஷம் அந்த இடத்தில் உட்கார்ந்தவள் கமலவேணி. ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடிந்ததும் கொசுவத்தைச் செருகிக்கொண்டு, கையில் ஒரு வாரப் பத்திரிகையோடு ஏறி உட்காருவாள். செருப்பை வெளியே விட்டுவிடணும். அது என் சட்டம். செருப்போ ஷூவோ போட்டால் பெடலின் அசைவு உள்ளங்காலுக்குத் தெரியாது. வெறுங்கால்தான் சரி. நான் முன்சக்கரத்து மட்கார்டில் ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினால் அழுத்தணும், இரண்டு தட்டு தட்டினால் விடணும். பானெட்டின் கீல் கண்ணாடிப் பக்கம் இருப்பதால், திறந்தால் நடுவில் சுவர் மாதிரி எழுந்து நிற்கும். அவள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவளுக்குத் தெரியாது. தட்டுத்தான் பேச்சு. கார்பரேட்டர் பக்கம் ஒரு சின்ன மீட்டர் வைத்திருந்தேன். அதில் முள் ஆணி அடித்த மாதிரி இரண்டாயிரத்தில் நிற்கும். அவள் பத்திரிகையில் தொடர்கதை வாசித்துக்கொண்டிருப்பாள், முள் அசையாது. அப்படி ஒரு கால். ஞானராஜ் அதைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "அண்ணா, உங்க காரு பூராம் டூப்பு. அண்ணி காலு மட்டுந்தான் ஒரிஜினலு."

ஒரே தொந்தரவு சூடு. சைலன்சர் குழாய் வலது பக்கம்தான் போகிறது, உங்கள் வலது பாதத்துக்குப் பக்கத்துத் தகடு இருக்கிறதே, அதற்குப் பின்னால். ஓடுகிறபோது காற்று பட்டுவிடும். நின்ற இடத்தில் ஓடினால் பத்து நிமிஷத்தில் தோசைக்கல்தான். "சுடுதுங்க... ஏங்க, சுடுதுங்க" என்று சத்தம் போடுவாள். நான் இரண்டு தட்டு தட்டி இன்ஜினை அணைப்பேன். அவள் சத்தம்தான் எனக்குக் கடிகாரம். அணைத்ததும் காலை வெளியே தொங்கப்போட்டு, சொம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, "பிரியாணி வெந்துருச்சு, எறக்கிக்கலாம்" என்பாள். பிறகு மறுபடி ஏறுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பழைய கார் வைத்திருக்கிறவர்கள் டிசம்பரில் குன்னூர் வரைக்கும் ஒரு ஓட்டம் போவதாகவும், நானும் வரலாம் என்றும் ஆள் அனுப்பினார்கள். அதுவரைக்கும் டூப்பு என்று என்னைச் சேர்த்துக்கொள்ளாதவர்கள். மலையில் ஒரு விக்கல் இல்லாமல் ஏறிக் காட்டணும் என்று முடிவு பண்ணினேன். முதல் வேலையாக அந்த ஆடியில் சூட்டுக்கு ஒரு வழி செய்தேன். அலுமினியத் தகடு, அதற்குப் பின்னால் சூடு தாங்குகிற கண்ணாடிப் பஞ்சு, சுற்றிலும் ரிவெட். மாட்டிவிட்டுக் கமலவேணியை உட்கார வைத்தேன். பத்து நிமிஷம் ஆனது. சத்தம் இல்லை. பதினைந்து நிமிஷம். நான் அணைத்துவிட்டுப் போய், "சுடலையா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. ஒண்ணுமே தெரியல" என்றாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்க. இருபது வருஷச் சூட்டை ஜெயித்துவிட்டேன். அன்றைக்கே ஞானராஜுக்கு ஃபோன் பண்ணினேன். அவரும் தன்னிடம் நிற்கிற ஒரு வண்டிக்கு அதே மாதிரி செய்துதரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்து வந்து, "அண்ணா, உங்க தகட்டைப் போட்டேன், சூடு அப்படியேதான் இருக்குது" என்றார். "மாட்டத் தெரியாம மாட்டியிருப்பே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அதற்கப்புறம் வசதியாகப் போய்விட்டது. இருபது நிமிஷம், அரை மணி நேரம் என்று ஓடவிட்டே வேலை பார்க்கலாம்.

ஆவணியில்தான் முள் ஆட ஆரம்பித்தது. இரண்டாயிரத்தில் நிற்கும். கொஞ்ச நேரத்தில் ஆயிரத்தெண்ணூறுக்கு இறங்கும். திடீரென்று இரண்டாயிரத்து முந்நூறுக்கு ஏறும். மறுபடி இறங்கும். காற்று எங்கேயோ ஒழுகுகிறது என்று நினைத்தேன். கேஸ்கட் மாற்றினேன். ஆடினது. ஃபுளோட் வால்வு மாற்றினேன். ஆடினது. த்ராட்டில் கம்பி தேய்ந்திருக்குமோ என்று கழற்றி லேத்தில் கொடுத்துப் புதிதாகப் போட்டேன். ஆடினது. பெட்ரோல் பம்ப், பிளக், காயில், எதையும் விட்டுவைக்கவில்லை. மழை ஈரம் என்று கொஞ்ச நாள் மழையைத் திட்டினேன். இங்கிலீஷ் புத்தகத்தை மறுபடி எடுத்து, கார்பரேட்டர் அதிகாரத்தை அவளை முதலிலிருந்து வாசிக்கச் சொன்னேன். இந்த சீட்டில் உட்கார்ந்துதான் வாசித்தாள். முடித்துவிட்டு, "ஏங்க, கோளாறு கார்பரேட்டர்லதானுங்களா?" என்று கேட்டாள்.

"வேற எதுல?"

"இல்லீங்க. சும்மா கேட்டேன்."

அவள் அப்படித்தான், எதையாவது கேட்பாள். இன்னொரு நாள் அடுப்படியிலிருந்து வந்து பக்கத்தில் நின்றாள். "ஏங்க, கொஞ்ச நாளா நடந்தாப் பஞ்சு மேல நடக்கறாப்பல இருக்குது" என்றாள். நான் ஃபுளோட் சேம்பரைத் திறந்து வைத்திருந்தேன். திறந்து வைத்தால் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும், அளவு தப்பிவிடும். "சர்க்கரை மாத்திரையை ஒழுங்காப் போடு புள்ள" என்றேன். போட்டுக்கொண்டுதான் இருந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான்கு மாதம். நான்கு மாதம் அந்த முள்ளோடு மல்லுக்கட்டினேன். குன்னூர் ஓட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும். கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டிருந்தது. ஏறி உட்கார்ந்தாள், ஒரு தட்டு தட்டினேன், அழுத்தினாள். முள் ஆடினது. நான் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு அந்த ஆட்டத்துக்குள்ளேயே இரண்டு சத்தத்தையும் சேர்க்கப் பார்த்தேன். இருபத்தைந்து நிமிஷம் இருக்கும். கிட்டத்தட்டச் சேர்ந்துவிட்டது. கால் சுற்று திருகினால் போதும். அப்போது முள் சடாரென்று விழுந்து, இன்ஜின் ஸ்லோ ஸ்பீடுக்குப் போய்விட்டது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரு காலை எடுக்கச் சொன்னது?" என்று கத்தினேன். பானெட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுதான்.

"எடுக்கலைங்க" என்றாள்.

"எடுக்காம எப்படி எறங்கும்?"

"காலு பெடல் மேலதாங்க இருக்குது."

ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சுற்றி வந்தேன். மடியில் பத்திரிகை, விட்ட வரியில் விரலை வைத்திருந்தாள். என் முகத்தைத்தான் பார்த்தாள், எவ்வளவு கோபம் என்று. நான் உள்ளே குனிந்து பார்த்தேன். கால் பெடல் மேல் இல்லை. வலது பக்கம் வழுக்கி, அந்தத் தகட்டின் மேல் பாதம் சாய்ந்திருந்தது. சுண்டுவிரலிலிருந்து குதிகால் வரைக்கும், அந்த ஓரம் முழுக்க. என் அலுமினியத் தகட்டின் மேல். நான் காலைப் பிடித்து எடுத்தேன். தோல் அங்கேயே நின்றுகொண்டது.

"என்னங்க பாக்கறீங்க?" என்று கேட்டாள்.

அப்புறம் உங்களுக்கே தெரியும், சர்க்கரைக்காரர்கள் காலில் புண் வந்தால் என்ன ஆகும் என்று. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது, "இந்தக் காலில் எத்தனை நாளாக உணர்ச்சி இல்லை?" என்றுதான். நான் கமலவேணியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஆறேழு மாசமா இருக்கும்மா" என்றாள். முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். பிறகு பாதி பாதம். பிறகு காய்ச்சல் வந்தது. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். தை பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டாள்.

இடையில் ஒரு நாள் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். "ஏன் புள்ள சொல்லலை?" என்று கேட்டேன். "சொன்னா வேற ஆளை உக்கார வெப்பீங்க" என்றாள். "வெச்சா என்ன?" என்றேன். "ஞாயித்துக்கெழமை அந்த ரெண்டு மணி நேரம்..." என்று ஆரம்பித்தாள். நர்ஸ் வந்துவிட்டது. அவள் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அதில் என்ன இருக்கிறது என்று நானும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். சுடுகிற இடம். பெட்ரோல் நாற்றம். இன்ஜின் சத்தத்தில் பேச முடியாது. பானெட் திறந்திருந்தால் ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. இதற்காகவா ஒருத்தி காலை மறைப்பாள்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காலில் உணர்ச்சி இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை. எனக்கு அவள் மேல் அந்த ஒரு வருத்தம்தான். இருபது வருஷம் பக்கத்திலேயே இருந்தவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்க. இதை ஹேமலதாவிடம் சொன்னால் எழுந்து போய்விடுகிறாள்.

ஆனால் ஒன்று. காரியத்துக்குச் சமையல்காரர்கள் பாத்திரம் வைக்க இந்த ஷெட்டைக் காலி பண்ணணும் என்றார்கள். மாப்பிள்ளை வண்டியை எடுக்க வந்தார். குளிரில் உடனே நகராது, கொஞ்சம் சூடாகணும். "ரெண்டாயிரத்துல பிடிச்சிருங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு நான் வழக்கம் போல இந்தப் பக்கம் வந்து நின்றேன். மீட்டரைப் பார்த்தேன். முள் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் நான் ஒரு திருகைக்கூடத் தொட்டிருக்கவில்லை. "போதுங்களா மாமா?" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் பிடிங்க" என்றேன். மறுபடி, "போதுங்களா மாமா? ஐயர் வந்துட்டாருங்க" என்றார். நான் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கார்பரேட்டரில் கோளாறே இருந்ததில்லை. ஆவணியிலிருந்து கார்த்திகை வரைக்கும் ஆடினது எல்லாம் அவள் கால். பெடல் எங்கே இருக்கிறது என்று தெரியாத கால், தேடித் தேடி அழுத்தியிருக்கிறது.

குன்னூருக்கு நான் போகவில்லை. அந்தத் தகட்டைப் பிரித்துப் போட்டுவிட்டேன். இப்போ நீங்க பார்ப்பது பழைய தகடு.

தனியாக டியூனிங் செய்ய முடிகிறதா என்று பார்த்தேன். செங்கல் வைத்தேன், அதிர்வில் நகர்ந்துவிடுகிறது. சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் கட்டை கொடுத்தேன். நிற்கிறது, ஆனால் கட்டைக்கு ஒரு தட்டும் தெரியாது, இரண்டு தட்டும் தெரியாது. மாப்பிள்ளை ஓசூரில் இருக்கிறார். ஞானராஜை ஒரு தடவை கூப்பிட்டேன். வந்தார். உட்காரமாட்டேன் என்றுவிட்டார். "அண்ணி எடம்ணா" என்றார். பிறகுதான் இந்த விளம்பரம். விற்பதற்குத்தான். வருகிறவர்கள் எப்படியும் உட்கார்ந்து பார்ப்பார்கள் இல்லையா, அப்போது ஒரு கை, ஒரு கால் உதவி கேட்டுக்கொள்கிறேன். ஏழு பேர் வந்ததில் ஏழு தடவை டியூனிங் ஆகியிருக்கிறது. உண்மையைச் சொன்னால், வண்டி இவ்வளவு நன்றாக எப்போதும் ஓடினதில்லை. போன மாதம் யாரும் வரவில்லை, கொஞ்சம் இறங்கிவிட்டது. நல்ல வேளை, நீங்க வந்தீங்க.

நீங்க இதை எடுத்துக்கொண்டால், உங்கள் வீட்டிலும் ஒருத்தர் அந்த இடத்தில் உட்காரணும். யார் உட்கார்ந்தாலும் ஷூ போட்டுவிடுங்க. இன்னொன்று. இந்தப் பானெட் நாலு போல்ட்டுதான். வேலை செய்யும்போது கழற்றிச் சுவரில் சாய்த்துவிடலாம், அதோ சாய்த்து வைத்திருக்கிறேன் பாருங்க. இருபது வருஷமாக எனக்கு அது தோன்றவே இல்லை. இப்போ இங்கிருந்து உங்கள் முகம் நன்றாகத் தெரிகிறது. ஆனால் ஓட ஆரம்பித்தால் நான் உங்களைப் பார்க்கமாட்டேன். என் கண் முள் மேல்தான் இருக்கும், காதில் குழாய் இருக்கும். அது பழக்கம், மாற்ற முடியவில்லை.

சரி, சாவியைத் திருப்புங்க. கொஞ்சம் இருமும், பயப்படாதீங்க. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. நான் ஒரு தட்டு தட்டினால் அழுத்துங்க, இரண்டு தட்டினால் விடுங்க. வலது பக்கம் பத்து நிமிஷத்தில் சூடு ஏறும். சூடு தெரிந்தால் சத்தம் போட்டுச் சொல்லுங்க.

தெரியவில்லை என்றால், அதையும் சொல்லுங்க.